வெள்ளிக்கிழமைப் பிழைதிருத்தம்

திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் பத்திரம் எழுதும் சக்கரபாணிக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. அவர் எழுதிய பத்திரம் எதுவும் எல்லை தவறி வழக்குக்குப் போனதில்லை என்பது ஒன்று. அவர் நடத்திவந்த முகநூல் பக்கத்தில் தெரிந்து ஒரு பொய்யும் ஏறியதில்லை என்பது மற்றொன்று. முன்னது தொழில். பின்னதை அவர் ஏறத்தாழ வழிபாடாகவே செய்துவந்தார்.

பக்கத்தின் பெயர் 'பலசரக்கு'. பெயருக்கு ஏற்ப அதில் எல்லாம் கிடைக்கும். ஒருநாள் பாசுரம் ஒன்றுக்குப் பதவுரை, மறுநாள் ஏரி மதகில் கண்ட கல்லெழுத்து, அதற்கடுத்த நாள் கேப்பைக் கூழ் புளிக்கவைக்கும் பக்குவம், பிறகு புதுச்சேரிக்கு முதன்முதல் ரயில் வந்த கதை. பெயரைப் பார்த்து ஏமாந்து துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் சக்கரபாணி மரியாதையாகவே பதில் எழுதுவார்.

"அவுங்க கேக்கறதுதான் நியாயம். பருப்பு வித்திருந்தா நாலு காசாவது வந்திருக்கும்" என்பாள் அவர் மனைவி தேவகி.

பள்ளியில் அவர் தமிழ் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். ஒலக்கூர்ப் பக்கத்து மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே பிறந்தவர், பழம்பாடல்களைத் தாமே எழுத்துக்கூட்டி, உரைகளைத் தாமே தேடி, மனத்தில் ஏற்றிக்கொண்டவர். அப்படிக் கற்றவனுக்குத் தவறிவிடுவோமோ என்ற அச்சம் ஒருநாளும் விடுவதில்லை. அந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய வெள்ளிக்கிழமை வழக்கம். வாரம் முழுதும் தாம் எழுதியதில் எங்கேனும் பிழை நேர்ந்திருந்தால் வெள்ளியன்று காலை, பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த கையோடு, 'பிழைதிருத்தம்' என்று தலைப்பிட்டு அவரே அறிவித்துவிடுவார். நாளடைவில் மூலப் பதிவுகளைவிடத் திருத்தங்களையே மக்கள் அதிகம் நம்பினார்கள். பழைய பதிவை நீக்கிவிட்டுத் திருத்தத்தைப் பரப்புவது அந்தப் பக்கத்து வாசகர்களின் ஒழுக்கமாகவே ஆகிவிட்டது.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, மரக்காணம் கடலோரத்துச் சிறு குப்பத்திலிருந்து ஜெயம் என்ற பெண் தன் வீட்டுமனைப் பத்திரத்துக்காக வந்திருந்தாள். திண்டிவனம் சந்தையில் மீன் விற்பவள். அன்று பதிவு அலுவலகத்தில் சர்வர் படுத்துவிட்டது. காத்திருந்தவர்களில் ஒருத்தியின் குழந்தை வீறிட்டு அழ, ஜெயம் அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு பாடினாள்.

மலையேறி நின்னவனே, கண்ணே
ரெட்டப் பனை ஒண்ணாச்சா?
உப்பு வூட்டுக் கூரையில, கண்ணே
ஒளிஞ்சாளா வெள்ளையம்மா?
பன்னெண்டு பாகத்துல, கண்ணே
பாலிருக்கு குடிச்சுக்கோ.

சக்கரபாணியின் பேனா நின்றுவிட்டது. மறுபடி பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொண்டார். பக்கத்தில் போடலாமா என்றும் முறையாகக் கேட்டார்.

"தொட்டில்ல பாடறதுதானே சார், போட்டுக்கோங்க" என்றாள் ஜெயம்.

அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. எந்தச் சொத்துக்கும் இடம் காட்டிப் பழகிய மனம் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் குப்பத்துக்கே போனார். மணல்மேட்டின் இரட்டைப் பனையையும், மேற்கே நீலமாய் நின்ற பெருமுக்கல் மலையையும், கூரை போட்ட உப்புக் கிடங்கையும், அதன் பின்னே சுண்ணாம்பு பூசிய அம்மன் கோயிலையும் படம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி இட்டு, திசை குறித்து, ஒலிப்பதிவோடு சேர்த்து ஏற்றினார். கீழே நீண்ட விளக்கம். இரண்டு பனை ஒன்றாவது உயிரும் இறையும் கலப்பது. மறையும் வெள்ளையம்மா நிலவு. பன்னெண்டு பாகம் என்பது ஆண்டின் பன்னிரண்டு பகுதிகளிலும் வற்றாத அருள். 'பலசரக்கு' தொடங்கிய நாள்முதல் எந்தப் பதிவும் அவ்வளவு தூரம் பரவியதில்லை. விழுப்புரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆரோக்கியராஜ்கூட, நெடுநாள் பேச்சில்லாதிருந்தவர், 'நல்ல தாலாட்டு' என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஓர் இளைஞன் சந்துக்குள் வந்து நின்றான். கையில் கைப்பேசி. செருப்பில் உலர்ந்த மணல்.

"நீங்கதான் பலசரக்கா?"

"ஆமாம்பா. உட்காரு. என்ன பத்திரம்?"

"உட்கார வரல. ஜெயம் பையன் நானு, வல்லரசு." கைப்பேசியை மேசைமேல் வைத்தான். "இது இன்னா சார்?"

"உங்கம்மா பாடின தாலாட்டு. அருமையான பாட்டு."

"தாலாட்டு இல்ல சார். எங்க பாரு."

கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் தரையைக் கரையார் பார் என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். வல்லரசு குரலை உயர்த்தவில்லை. சிறுபிள்ளைக்குக் கணக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"கடல்லேர்ந்து பார்த்தா ரெட்டப் பனை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு தெரியணும். அதும்மேல மலை ஏறி நிக்கணும். அது ஒரு கோடு. இந்தாண்ட உப்புக் கெடங்கு வெள்ளக் கோயில மறைக்கணும். அது ஒரு கோடு. ரெண்டு கோடும் வெட்டிக்கிற எடத்துல எங்க கல்லு. பன்னெண்டு பாகம்னா கயிறு சார், ஆழம். அத்தப் போயி அருளுன்னு எழுதிக்கினு இருக்கீங்க. எங்கூர்ல ஆம்பளப் புள்ளைங்க பேச்சு வர்றதுக்கு முந்தியே இத்தக் கேட்டுக்கினு வளர்றோம்."

சக்கரபாணி தம் வலக்கையைப் பார்த்துக்கொண்டார். கிழக்கில் இன்னாருடையது, மேற்கில் இன்னது, இதற்குட்பட்டது என்று வாழ்நாளெல்லாம் எழுதிய கை அது. இரண்டு கோடு வெட்டினால் ஒரு புள்ளி என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டின் அழகைக் கண்டவுடன் எல்லையைக் காணாமல் போனோமே என்று நினைத்தார். ஏதாவது ஒரு பிடி கிடைக்காதா என்ற ஆசையில் கேட்டார்.

"இப்பல்லாம் எல்லார்கிட்டயும் ஜிபிஎஸ் இருக்குதேப்பா?"

"ஜிபிஎஸ்ஸு போற வழியக் காட்டும். எங்க போவணும்னு அது சொல்லாது. அத்த நீங்க சொல்லிட்டீங்க. அம்புக்குறி வேற."

வெளியூர்ப் பெரிய படகுகள் சில, சுருக்குமடி வலையோடு, முந்தாநாள் முதல் அந்தப் பக்கம் சுற்றுகின்றனவாம். ஒருமுறை அந்த வலையைச் சுற்றி இழுத்தால் குப்பத்துச் சிறு படகுகளுக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஆவணி வெக்கையில் மலை மங்கிக் கிடப்பதால்தான் இன்னும் இடம் பிடிபடவில்லை. ஒரு மழை பெய்து வானம் கழுவினால் மறுநாள் மலை பளிச்சென்று தெரியும்.

"உங்கம்மா?"

"பார வித்துட்டான்னு ஊரு சொல்லுது. எங்க படகு எஞ்சினக் கழட்டி கோயில் மண்டபத்துல வச்சிட்டாங்க. போட்டு கரையில கெடக்குது. அம்மா சந்தைக்கு வர்றதில்ல. சொந்தக்காரங்களே பேசறதில்ல."

சக்கரபாணி அவன் கண்ணெதிரே பதிவை நீக்கினார். வல்லரசு தன் கைப்பேசியை மறுபடி நீட்டினான். ஏதேதோ குழுக்களில் அதே பாட்டு, அதே படங்கள், அதே அம்புக்குறிகள். ஒன்றின் கீழ் முகமறியாத ஒருவன் எழுதியிருந்தான்: 'மலை தெரியட்டும், போலாம்.'

*

அன்று பிற்பகலே சக்கரபாணி குப்பத்துக்குப் போனார். வலைக்கூடத்தில் ஊர்த்தலைவர் அரங்கநாதனும் நான்கைந்து பெரியவர்களும் இருந்தார்கள். ஜெயம் ஒரு தூணோரம் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்; சற்றுத் தள்ளி வல்லரசு. எவரும் அவருக்கு இருக்கை காட்டவில்லை.

"அழிச்சிட்டேங்க" என்றார் சக்கரபாணி.

"கொடத்துத் தண்ணிய மணல்ல ஊத்திட்டுக் கொடத்தக் கவுத்து வச்ச கதையா இருக்குது" என்றார் அரங்கநாதன். "இந்தம்மாவ ஊரு ஒதுக்கி வச்சது தெரிஞ்சுதான் வந்தீங்களா, தெரியாம வந்தீங்களா?"

"அவுங்க மேல குத்தமில்ல. போடலாமான்னு கேட்டது நான். படம் எடுத்ததும் நான்."

"அது எனக்குந்தெரியும். நாளைக்கு எங்க பார வாரிக்கினு போறப்ப, உங்க குத்தம்னு சொன்னா மீனு திரும்பி வருமா? பாரு நெலச்சுதுன்னா வல்லரசு போட்டு இறங்கும். இல்லன்னா இந்த ஊர்ல அது இறங்காது."

ஜெயம் தலை நிமிராமலே பேசினாள். "எத்தினி வருசமாப் பாடறேன். வெளியாளு ஒருத்தரும் காது குடுத்ததில்ல. இவுரு குடுத்தாரு. அதுல மயங்கிட்டேன் தலைவரே."

அதைக் கேட்டபோதுதான் சக்கரபாணிக்கு வழி தெரிந்தது. தெரிந்த கணமே அதைத் தெரியாததுபோல் விழுங்கிவிடலாமா என்றும் தோன்றியது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். "வெள்ளிக்கிழமை நான் பிழைதிருத்தம் போடுவேன். என்னோட திருத்தத்த நம்புவாங்க. பழசத் தூக்கிட்டு அத்தத்தான் அனுப்புவாங்க."

அரங்கநாதன் நிமிர்ந்து பார்த்தார். "அதாவது?"

"பாட்டு தப்பாப் பதிவாயிடுச்சு, சரியான பாட்டு இதுன்னு வேற அடையாளத்தப் போடறேன். நீங்க எடம் சொல்லணும். அந்த எடத்துல எந்த ஊருக்கும் பாரு இருக்கக் கூடாது."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வடக்கே சவுக்குத் தோப்பு முடியும் இடத்துக்கு நேரே, தரையெல்லாம் வெறும் சேறு என்றார் ஒருவர். அங்கே ஒரு தனிப் பனை உண்டு, சாமிப் பனை என்போம் என்றார் இன்னொருவர். அங்கிருந்து பார்த்தாலும் அதே மலை தெரியும்.

"ஒரு வார்த்த" என்றார் அரங்கநாதன். "இங்க இருக்கிறவங்களத் தாண்டி இது இன்னொரு காதுக்குப் போவக் கூடாது. உங்க வூட்டம்மாவுக்குக்கூட."

சக்கரபாணி தலையசைத்தார்.

வாழ்நாளில் அவர் ஒரு செய்யுள் அடி புனைந்தவரில்லை. முன்னோர் வாக்கில் ஒரு சீர் பிசகினாலும் பதறுகிறவர். விழுப்புரத்து ஆரோக்கியராஜ் கூட்டமொன்றில் ஒரு பாசுரத்தில் சீர் மாற்றிச் சொன்னதற்கு ஊரறியத் திருத்தம் எழுதியவர். அந்தக் கையால் இன்று ஒரு பாட்டைத் தெரிந்தே கெடுக்க வேண்டும். பத்திரத் தொழிலில் எல்லையை மாற்றி எழுதுவதைவிடக் கொடிய பாவம் இல்லை. அந்தப் பாவமும் இதே வரியில் சேர்ந்துகொண்டது. வெட்கம் என்னவென்றால், வரிகள் தயங்காமல் வந்தன.

சவுக்குத் தோப்பு முடியுமிடம், கண்ணே
சாமிப் பனை நின்னாச்சா?
கவுத்த தோணி போல மலை, கண்ணே
கரைமேல சாஞ்சாச்சா?

ஜெயம் அதைப் பாட வேண்டியிருந்தது. முதல்முறை 'ரெட்டப் பனை' என்றே வாய் போயிற்று. இரண்டாம் முறை சவுக்கில் தடுக்கியது. மகனைத் தொட்டிலில் இட்டுப் பாடிய மெட்டில் அவன் கண்ணெதிரே வேறு சொல்லை ஏற்றினாள். வல்லரசு எழுந்து வெளியே போய்விட்டான். கடைசியில் ஒருவாறு முடித்து, "எனக்கு மறதி, மொதல்ல மாத்திப் பாடிட்டேன்னு போட்டுடுங்க சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போகாமலே சக்கரபாணி பிழைதிருத்தத்தை ஏற்றினார். சாமிப் பனைக்கும் சவுக்குத் தோப்புக்கும் அம்புக்குறி இட்ட படங்கள் உட்பட எல்லாம் முறையாக இருந்தன. நண்பகலுக்குள் பாராட்டுகள் குவிந்தன. 'தவற்றைத் தாமே முன்வந்து திருத்தும் இந்த நேர்மைதான் பலசரக்கு' என்று ஒருவர் எழுதினார். சக்கரபாணியால் அதை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

மாலையில் விழுப்புரத்திலிருந்து ஆரோக்கியராஜ் அழைத்தார்.

"ஐயா, முதல் ஒலிப்பதிவு என்கிட்ட இருக்குது. ஞாயிறு இலக்கியக் கூட்டத்துல ரெண்டையும் போட்டுக் காட்டிப் பாடபேதம் பத்திப் பேசலாம்னு இருக்கேன். நேரலையும் உண்டு. ஒரு சந்தேகம். மறதியில பாடினதா நீங்க சொல்றது தங்குதடையில்லாம ஓடுது. சரியான பாட்டுன்னு சொல்றதுதான் தடுமாறுது. எப்படி?"

"நாளைக்கு நேர்ல வந்து சொல்றேங்க" என்றார் சக்கரபாணி. என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

*

சனிக்கிழமை முற்பகல், விழுப்புரத்தில் ஆரோக்கியராஜின் முன்னறையில் மின்விசிறி சத்தமிட்டது. சன்னலுக்கு வெளியே வடகிழக்கில் மேகம் கறுத்திருந்தது. பெரியவர் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கண்மூடிக் கேட்டார். பிறகு கண் திறந்தார்.

"சொல்லுங்க."

"முதல் பதிவ நாளைக்குப் போடாதீங்க. யாருக்கும் அனுப்பாதீங்க. ரெண்டாவதுதான் சரின்னு நீங்களும் சொல்லணும்."

"காரணம்?"

"சொல்ல முடியாதுங்க."

"ரெண்டாவது சரியா?"

சக்கரபாணி வாய் திறந்தார். ஆயிரம் பேருக்கு எழுத முடிந்த பொய்யை எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரிடம் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

ஆரோக்கியராஜ் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். "என் சீரு தப்புன்னு நீங்க எழுதினப்ப ஒரு போன் பண்ணிச் சொல்லிட்டு எழுதியிருக்கலாம். என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க எல்லாரும் பார்த்தாங்க."

"ஆமாங்க."

"இப்ப என் வூட்டுக்கே வந்து, நல்ல பாடத்த வுட்டுட்டுக் கெட்ட பாடத்த ஏத்துக்கச் சொல்றீங்க. காரணமும் கிடையாது."

"ஆமாங்க."

"தைரியம்தான் உங்களுக்கு." பெரியவர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில கூட்டம். நான் யோசிக்கிறேன்."

சக்கரபாணி பேருந்தில் திரும்பும்போது விக்கிரவாண்டிக்கு அருகே முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. திண்டிவனம் வருவதற்குள் சாலையே தெரியாத மழை.

*

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வானம் துலக்கிய பாத்திரம்போல் இருந்தது. சக்கரபாணி குப்பத்துக் கரையில் நின்று மேற்கே திரும்பிப் பார்த்தார். பெருமுக்கல் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெளிந்திருந்தது. ஊர் முழுதும் கரையில் இருந்தது. இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று ஒரு படகும் இறங்கவில்லை. ஜெயம் கூட்டத்தை விட்டுத் தள்ளித் தனியே நின்றாள். அவர் போய் அவளருகே நின்றார்.

ஒன்பது மணி வாக்கில் வெளியூர்ப் படகுகள் தெற்கிலிருந்து வந்தன. மூன்று. இரட்டைப் பனைக்கு நேரே வந்ததும் முன்படகின் வேகம் குறைந்தது. பின்னிரண்டும் அதை ஒட்டின.

"ஒண்ணாச்சா பாக்கறாங்க" என்றாள் ஜெயம் உதடசையாமல்.

முன்படகு மெல்லக் கடலுக்குள் நகர்ந்தது, சரியான கோட்டிலேயே. அரங்கநாதன் கையிலிருந்த துண்டை முறுக்கினார். சக்கரபாணிக்கு விழுப்புரத்துக் கூட்டம் நினைவுக்கு வந்தது. இந்நேரம் தொடங்கியிருக்கும். அங்கே ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் இங்கே முன்படகுக்காரனின் கையில் இருக்கும் கைப்பேசியில் உண்மை ஒலிக்கும். நாவில் வந்த பாசுரம்கூடப் பாதியில் நின்றுவிட்டது. பொய் பலிக்க வேண்டும் என்று பெருமாளிடம் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

படகுகள் நின்றன. ஒன்றோடொன்று நெருங்கின. ஏதோ பேசிக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு முன்படகு மூக்கைத் திருப்பியது, வடக்கே. மற்ற இரண்டும் தொடர்ந்தன. சவுக்குத் தோப்பு முடியும் இடத்துக்கு நேரே அவை வட்டமிடத் தொடங்கின. வலை விழுவது ஒரு மின்னலாய்த் தெரிந்தது. இழுக்க நெடுநேரம் ஆயிற்று.

"சேறு கனக்குது" என்றார் ஒரு கிழவர்.

ஒரே இழுப்புதான். பிறகு படகுகள் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே தெற்கே போயின. இரட்டைப் பனையைக் கடக்கும்போது அவற்றின் வேகம் குறையவில்லை. அவை புள்ளியாய் மறைந்த பிறகு அரங்கநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வல்லரசு, மண்டபத்துல எஞ்சின் இருக்குது, எடுத்துக்கினு வா. ஜல்தி. பொழுது போயிடும்." போகிற போக்கில் ஜெயத்தின் அருகே சற்று நின்றார். "நாளைக்கு சந்தைக்குப் போ."

ஜெயம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் சக்கரபாணியின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. பிழைதிருத்தத்தின் கீழே ஆரோக்கியராஜ் எழுதியிருந்தார்: 'திருத்திய பாடமே கொள்ளத்தக்கது. முன்னதைப் பகிர்ந்தோர் நீக்கிவிடுக. இன்றைய கூட்டத்தில் வேறு பொருள் பற்றிப் பேசினோம்.' தனிச் செய்தியாக இன்னொன்றும் வந்திருந்தது. சக்கரபாணி அதை நின்றபடியே படித்தார்.

'காரணம் கேட்க மாட்டேன். முதல் பதிவை அழித்துவிட்டேன். ஒன்று மட்டும். அடிக்கு அடி எதுகை, மோனை. தொட்டிலாட்டுகிறவள் அப்படிப் பாட மாட்டாள். படித்தவன் கை தெரிகிறது. ஒரு சொல்லையாவது கெடுத்துவிட்டு, அம்மாவைத் தடுமாறாமல் பாடச் சொல்லி மறுபடி பதியுங்கள்.'

அவருக்குக் காது சுட்டது. சிரிப்பும் வந்தது. அதை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, மலை கவுத்த தோணியாட்டமாவா இருக்குது?"

ஜெயம் திரும்பி மேற்கே பார்த்தாள். "தோணியா? கரையில இருந்து மலையப் பாக்கறவங்க அப்பிடிச் சொல்லலாம். நாங்க மொட்டத்தலைன்னுதான் சொல்லுவோம்."

"மொட்டத் தல போல மலை." மெட்டில் வைத்துப் பார்த்தார். எதுகை ஒடிந்துவிட்டது. ஓசையும் சற்று இடறியது. "சரி. இன்னொரு தரம் பாடணும்மா."

மண்டபத்திலிருந்து வல்லரசும் இன்னொருவனும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயம் மகனைப் பார்த்தபடியே, சவுக்குத் தோப்பிலிருந்து தொடங்கி, எங்கும் நில்லாமல் பாடி முடித்தாள்.